அக்காவின் கணினி

அடியோடு அணைந்து போய்விட்ட ஒரு யந்திரத்தைவிட, அணைந்து அணைந்து தானாகவே மீண்டும் உயிர் பெறுகிற யந்திரமே மனிதனை அதிகமாக அலைக்கழிக்கும் என்பது என் அபிப்பிராயம். முன்னதைப் பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை. அது கெட்டுவிட்டது, பார்க்க வேண்டியவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பின்னதோ ஒவ்வொரு தடவையும் விசிறி சுழன்று, ஒற்றைக் கீச்சொலி எழுந்து, கரிய திரையில் வெள்ளை எழுத்துக்கள் ஓடி, இம்முறை நிச்சயமாக ஏறிவிடும் என்ற நம்பிக்கையை நம் உள்ளத்தில் உண்டாக்கிவிட்டு, அந்த நம்பிக்கை முற்றுகிற தறுவாயில் இருண்டு போகிறது. நாம் கை வைப்பதற்குள் மறுபடியும் விசிறி சுழலத் தொடங்குகிறது.

2005-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், தஞ்சைச் சீமை முழுவதும் மழை ஓயாமல் பெய்து கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகியிருந்த நாட்களில், கும்பகோணத்தில் என் தமக்கையார் வீட்டுக் கணினிக்கு இந்த வியாதி வந்தது. ஆரம்பப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் அக்கா, தமக்குக் கிடைத்த ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு அந்தக் கணினியை வாங்கியிருந்தார். பெட்டியாக வந்த கம்பெனிக் கணினி அல்ல அது. உள்ளூர் இளைஞர் ஒருவர் பாகங்களைத் தனித்தனியே வாங்கிக் கோத்துக் கொடுத்தது. பென்டியம் 4 பிராசஸரும், விண்டோஸ் எக்ஸ்பியும், கனத்த கண்ணாடிக் குழாய் மானிட்டரும் சேர்ந்த அத்தகைய யந்திரங்கள்தாம் அந்நாளில் நம் ஊர்களில் நடுத்தரக் குடும்பங்களின் கூடத்தை அலங்கரித்தன.

அக்கா அதை வாங்கியதன் காரணத்தைச் சொல்லாவிட்டால் நாங்கள் பட்ட பாட்டின் தாத்பரியம் விளங்காது. சுவாமிமலை, திருப்புறம்பியம், பட்டீஸ்வரம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வயது முதிர்ந்த பெண்கள் பாடிய தாலாட்டுக்களையும் நடவுப் பாட்டுக்களையும் ஒப்பாரிகளையும், வேலையில் இருந்த காலத்திலேயே கோடை விடுமுறைதோறும் சென்று டேப்ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார். அந்தக் கேஸட்டுகளின் நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தபோது, ஒவ்வொன்றையும் ஓடவிட்டு நிறுத்தி, கேட்டு, சந்தேகமான சொல்லை மறுபடியும் கேட்டு, கணினியில் தட்டெழுதும் பிரயாசையை மேற்கொண்டார். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகையை, அறுபது வயதுக்கு மேல், ஒரு தாளில் படம் வரைந்து வைத்துக்கொண்டு, விரல்களுக்குப் பழக்கினார். பாடிக் கொடுத்த மூதாட்டிகளில் பலர் அதற்குள் காலமாகிவிட்டனர். கேஸட்டுகளில் பாதி, ஒருமுறை ஓடியதோடு அறுந்தன. ஆக, அந்தப் பாடல்களில் பல இவ்வுலகில் தங்கியிருந்த ஒரே இடம், அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்.

நான் போய்ச் சேர்ந்தபோது கணினி தன் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தியதும் பச்சை விளக்கு எரியும். நினைவகத்தின் அளவைத் திரை காட்டும். பிறகு விண்டோஸின் சின்னமும் அதன் கீழே இடமிருந்து வலமாக நகர்கிற நீலக் கட்டங்களும் தோன்றும். அக்கட்டங்கள் சில முறை நகர்ந்த பின், கண் இமைக்கும் நேரத்தில் பாதிகூட இராது, திரை முழுவதும் நீலமாக மின்னி மறையும், உடனே இருள், மீண்டும் ஒற்றைக் கீச்சொலி. அந்த நீலத் திரையில் ஏதோ எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது; என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க எந்தக் கண்ணுக்கும் அவகாசம் இல்லை.

“காலையில்தான் ரொம்பப் படுத்துகிறது, தம்பி. அப்படியே விட்டுவிட்டால், சில நாள் அரை மணி நேரம் அணைந்து எரிந்து, அணைந்து எரிந்து, தானாகவே உள்ளே போய்விடும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் செய்யாது,” என்றார் அக்கா. அவர் சொன்ன இந்த ஒரு விவரத்தில்தான் நோயின் மூலம் அடங்கியிருந்தது என்பதை அப்பொழுது எங்களில் யாரும் அறியவில்லை.

முதலில் வரவழைக்கப்பட்ட சர்வீஸ் இளைஞர் பெட்டியின் மூடியைத் திறக்கவே இல்லை. திரையைச் சில நிமிஷம் பார்த்துவிட்டு, “ஓ.எஸ். கரப்ட் ஆயிடுச்சு சார். ஃபார்மேட் போட்டுடலாம், புதுசா ஓடும்,” என்று சி.டி.யை எடுத்தார். அந்த நாட்களில் கணினியின் சகல நோய்களுக்கும் ஊருக்கு ஊர் வழங்கிய சர்வரோக நிவாரணி அது. டிஸ்க்கில் உள்ளவற்றையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஓ.எஸ். ஏற்றினால், மென்பொருளால் விளைந்த கோளாறு எதுவாயினும் மறைந்து போகும் என்பது மெய்தான். ஆனால் கோளாறு மென்பொருளில்தான் இருக்கிறது என்பதை யார் ஸ்தாபித்தார்கள்? அவர் சி.டி.யைத் தட்டில் வைக்கப் போன சமயத்தில் அக்கா எழுந்து மின்சார சுவிட்சை அணைத்துவிட்டு, காபி கொண்டுவந்து கொடுத்து, “இன்னொரு நாள் சொல்லி அனுப்புகிறேன், தம்பி,” என்று மரியாதையாக அனுப்பி வைத்தார். அக்காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் குடும்பப் புகைப்படங்களும் கடிதங்களும் கணக்குகளும் இவ்வண்ணம் விசாரணையின்றி அழிக்கப்பட்டன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பதைக்கிறது.

அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவன், இது வைரஸின் வேலையாக இருக்கும் என்றான். அதற்கும் நியாயம் உண்டு. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உலகெங்கும் பரவிய பிளாஸ்டர் என்னும் புழு, எக்ஸ்பி ஓடும் கணினிகளை இப்படித்தான் திரும்பத் திரும்பத் தொடங்க வைத்தது. அதன் ஞாபகம் எல்லோருக்கும் பசுமையாக இருந்தது. ஆனால் பிளாஸ்டர் தாக்கிய கணினி முழுவதுமாக உள்ளே ஏறி, இணையத்தோடு தொடர்பு கொண்ட பின்னரே, அறுபது விநாடியில் அணையப் போவதாக அறிவிப்புக் கொடுத்துவிட்டு அணையும். அக்காவின் யந்திரமோ வாசற்படியையே தாண்டவில்லை. இணைய இணைப்பும் அதற்குக் கிடையாது.

பின்பு நாங்கள் நாடிச் சென்றவர் கணினி மெக்கானிக்கே அல்லர். கடைத்தெருவில் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுது பார்த்து ஜீவனம் நடத்தியவர். அக்காவிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர். “டீச்சர், எனக்கு ஓ.எஸ். போடத் தெரியாது. ஆனா கரண்ட் எங்க போகுது, எங்க நிக்குதுன்னு பார்க்கத் தெரியும்,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அன்று நான் கண்ட அவருடைய முறையையும் நிதானத்தையும் கூடியவரை விஸ்தாரமாக எழுதி வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர் செய்த முதல் காரியம் பழுது பார்ப்பதல்ல. “உள்ள இருக்கிற சரக்கை வெளியில எடுத்துடுவோம். அப்புறம் பெட்டி எக்கேடு கெட்டாலும் கவலை இல்ல,” என்றார். நான்கு திருகுகளைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தார். அதன் பின்புறத்தில், அகன்ற நாடாக் கேபிளும் மின்சார ஒயரும் மாட்டும் இடங்களுக்கு நடுவே, அரிசி மணியளவு சிறிய ஒரு பிளாஸ்டிக் தொப்பி, ஊசிபோன்ற இரண்டு முனைகளை இணைத்துக்கொண்டிருக்கும்; அதை ஜம்பர் என்பார்கள். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்குகள் இருக்கும்போது எது தலைமை, எது துணை என்பதை அதுவே நிர்ணயிக்கிறது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் அச்சிட்ட படத்தைப் பார்த்து, மூக்கு நீண்ட குறட்டினால் அந்தத் தொப்பியைப் பிடுங்கித் துணைக்கான இடத்தில் செருகினார். மாணவனின் கணினியைத் திறந்து அதில் இந்த டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டினோம். அது எவ்விதத் தடையுமின்றி ஏறியது; அக்காவின் கோப்புக்கள் அனைத்தும் பட்டியலாகத் தோன்றின.

ஆனால் ஒரு கோப்பைத் திறந்தபோது அக்காவின் முகம் வெளிறிவிட்டது. தாலாட்டு இருக்க வேண்டிய இடத்தில், தலைக்கு மேல் புள்ளியும் கோடும் இட்ட ஐரோப்பிய எழுத்துக்கள் வரிவரியாக நின்றன. விஷயம் வேறொன்றுமில்லை. அவர் தட்டெழுதியது டிஸ்கி என்ற எழுத்துக் குறியேற்றத்தில். யூனிகோட் பரவலாவதற்கு முன் தமிழர்கள் பலரும் கையாண்ட அம்முறையில், தமிழ் எழுத்துக்களுக்கு ஐரோப்பிய விசேஷ எழுத்துக்களின் இடங்களே கொடுக்கப்பட்டிருந்தபடியால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை அப்படித்தான் காட்சியளிக்கும். அக்காவின் டிஸ்க்கிலேயே இருந்த எழுத்துருவை மாணவன் தன் கணினியில் நிறுவினான். மறுகணம் பாடல்கள் தமிழில் நின்றன. அத்தனை வருஷ உழைப்பும் 700 மெகாபைட் கொள்ளும் ஒரு சி.டி.யின் ஓரத்தில் அடங்கிவிட்டது. பிரதிகள் பல எடுத்தோம். எழுத்துருவையும் கூடவே வைத்தோம். அதன் பிறகுதான் அக்கா சாப்பிட்டார்.

மறுநாள் பரீட்சை தொடங்கியது. டிஸ்க்கைப் பழையபடி மாட்டி, பொத்தானை அழுத்தியதும் எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னான் மாணவன். அதனால் வரும் பட்டியலில், கோளாறு நேரும்போது தானாக மறுபடி தொடங்குவதை நிறுத்தி வைக்கும் கட்டளை ஒன்று உண்டு. எக்ஸ்பி, பெரும் பிழை ஒன்று நேர்ந்தால் தானே மறுபடி தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது; மேற்பார்வையின்றி ஓடும் அலுவலகக் கணினிகளுக்கு அந்த ஏற்பாடு உசிதமாக இருக்கலாம். வீட்டில் இருப்பவருக்கோ அது, நோயாளி தன் வலியைச் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் வாயைப் பொத்துவதாக முடிகிறது. அக்கட்டளையைத் தேர்ந்தெடுத்ததும் நீலத் திரை அசையாமல் நின்றது. அடியில் இருந்த பிழை எண்ணை அக்கா தம் நோட்டில் எழுதிக்கொண்டார். அணைத்து, மறுபடி போட்டோம். இம்முறை வேறோர் எண். மறுபடியும் போட்டோம், முன்னிரண்டும் அல்லாத மூன்றாவது எண்.

எண்கள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்தது பெரிய துப்பு. ஒரு குறிப்பிட்ட கோப்போ டிரைவரோ கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே எண்ணோடு யந்திரம் இடறும். இடந்தோறும் வெவ்வேறாக இடறுமானால், மென்பொருளுக்கு அடியிலிருக்கும் தரையே ஆடுகிறது என்று கொள்ள வேண்டும். நினைவகமும், மின்சாரமும், உஷ்ணமுமே அந்தத் தரை.

உஷ்ணத்தை முதலில் பார்த்தார் மெக்கானிக். பிராசஸரின் மேலிருந்த விசிறியில் படிந்த தூசியைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அலுமினியத் தகடுகளுக்கிடையே அடைத்திருந்த பஞ்சை ஊதி எடுத்தார். பலன் இல்லை. பிறகு நினைவகத்தின் இரண்டு ராம் பலகைகளையும் கழற்றி, அவற்றின் விளிம்பிலுள்ள தங்க நிறப் பட்டைகளை, பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்தார். மழைக்காலத்து ஈரத்தில் அப்பட்டைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத கறை படிந்து தொடர்பு விட்டுப்போவது சர்வ சாதாரணம். எத்தனையோ கணினிகள் இந்த ரப்பராலேயே பிழைத்திருக்கின்றன. ஒவ்வொரு பலகையாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் பலன் இல்லை.

அதன்பின் அவர் செய்ததுதான் என் மனத்தில் அழியாமல் பதிந்தது. ஹார்ட் டிஸ்க்கின் கேபிளையும் ஒயரையும் அடியோடு பிடுங்கிவிட்டார். நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற சிறு நிரலைச் சி.டி.யிலிருந்து மட்டும் ஓடவிட்டார். சிறிது நேரம் எண்கள் ஏறிக்கொண்டே போயின. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே திரை இருண்டது. ஒற்றைக் கீச்சொலி எழுந்தது. மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பார்த்தீங்களா டீச்சர்! டிஸ்க்கே இல்ல, ஓ.எஸ்.ஸே இல்ல. அப்பவும் விழுந்து எழுந்திருக்குது. உங்க பாட்டு மேல ஒரு தப்பும் இல்ல,” என்றார். ஃபார்மேட் போட்டிருந்தால், நிரபராதியான டிஸ்க்கைத் துடைத்த பின்பும் யந்திரம் அப்படியே விழுந்து எழுந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

எஞ்சியது மின்சாரம். 230 வோல்ட்டைக் கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. அதிலிருந்து வரும் ஒயர்களில் சாம்பல் நிறத்தது ஒன்று, எல்லா அழுத்தங்களும் சரியாக இருக்கின்றன என்று மதர்போர்டுக்குத் தெரிவிக்கும். அந்த ஒயரில் செய்தி நின்றால் போர்டு தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேலையை நிறுத்தி முதலிலிருந்து தொடங்கும். மல்டிமீட்டரை வைத்து அளந்தார். 12 வோல்ட் ஒயரில் 11.4-க்குக் கீழும் 5 வோல்ட் ஒயரில் 4.75-க்குக் கீழும் போகலாகாது. இரண்டும் அதற்கு மேலாகவே நின்றன. ஆனாலும் மீட்டரை மட்டும் நம்பாமல், வேறோர் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். பலன் இல்லாமற் போகவே, டார்ச் விளக்கை எடுத்து மதர்போர்டின் மேல் சாய்வாகப் பிடித்தார்.

பிராசஸரை ஒட்டி வரிசையாக நின்ற சிறு உருளைகளைத் தொலைக்காட்சி மெக்கானிக்குகள் கண்டன்சர் என்பார்கள். அவற்றின் தலை தட்டையாக, நடுவே சிலுவை போலக் கீறலிட்டு இருப்பது இயல்பு. அவ்வரிசையில் சிலவற்றின் தலை உப்பி, கீறலின் வழியே பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்து, பொருக்குத் தட்டியிருந்தது. விரல் நுனியால் தடவிப் பார்க்கச் சொன்னார். நல்ல கண்டன்சரின் தலை சமமாகவும், கெட்டதன் தலை மேடாகவும் இருந்ததை என் விரல் உணர்ந்தது.

அந்த உருளைகளின் பணி மகத்தானது. எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட்டை, பிராசஸர் தாங்கக்கூடிய ஏறத்தாழ ஒன்றரை வோல்ட்டாகத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது போர்டு. ஆற்றில் முறைவைத்து வரும் நீரைக் குளத்தில் தேக்கி வயலுக்கு ஒரே சீராக விடுவது போல, அந்தத் துண்டு மின்சாரத்தைத் தேக்கிச் சீராக விடுவது கண்டன்சர். உள்ளே அலுமினியத் தகடும், ஒருவகைத் திராவகம் தோய்ந்த காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. 1999-ஆம் ஆண்டு முதல் சில வருஷங்கள் உலகச் சந்தைக்கு வந்த இவற்றில் ஏராளமானவற்றின் திராவகம் குறைபாடுள்ளதாக இருந்தது; அது அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்க, வாயு தலையை உப்பவைத்துக் கீறலைப் பிளந்தது. ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் என்ற பொறியியல் பத்திரிகை 2003-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியது. பெயர் பெற்றவை, பெறாதவை என்ற பேதமின்றி அக்காலத்துக் கணினிகள் பல இந்தக் கொள்ளை நோய்க்கு இரையாயின.

அக்கா சொன்ன காலை நேர விவரமும் அப்பொழுது துலங்கியது. திராவகம் குன்றிய கண்டன்சர் குளிர்ச்சியில் மிகவும் பலவீனப்படும். யந்திரம் விழுந்து விழுந்து எழுகையில் உண்டாகும் சூட்டில் சிறிது தெம்பு பெற்று, ஒருவாறு தன் கடமையைச் செய்யும். ஐப்பசி மழையின் குளிரில் அது தள்ளாடியதும், சூடேறிய பின் சாயங்காலம் வரை உழைத்ததும் இதனால்தான்.

“போர்டை மாத்தச் சொல்லுவாங்க. வேண்டாம். இந்த வரிசையை மட்டும் மாத்திடறேன்,” என்றார் மெக்கானிக். தொலைக்காட்சிக்கு வாங்கி வைத்திருந்த சாதாரணக் கண்டன்சர்களைப் போடவும் அவர் சம்மதிக்கவில்லை. அளவு ஒன்றாயிருந்தாலும், 105 டிகிரி தாங்குவதும் உள்தடை குறைந்ததுமான ரகம்தான் இங்கே நிற்கும் என்று, சென்னைக்குப் போன ஒருவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து, ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தார். ஒவ்வொன்றும் சில ரூபாய்தான்.

அவர் ஈயம் வைத்த நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மதர்போர்டு பல அடுக்குகளாக அமைந்த பலகை. உள்ளிருக்கும் செப்புத் தகடு, ஈயம் உருக்கும் சால்டரிங் ராடின் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்வதால் பழைய ஈயம் எளிதில் இளகாது. அவசரப்பட்டு இழுத்தால் துளையின் உட்பூச்சு பிய்ந்து பலகையே வீணாகிவிடும். பழைய ஈயத்தின் மேல் புது ஈயத்தைச் சிறிது ஊட்டி, அறுபது வாட் ராடால் இரு கால்களையும் மாறி மாறிச் சூடேற்றி, கண்டன்சரை இப்புறமும் அப்புறமும் நூலளவு சாய்த்துச் சாய்த்து வெளியே எடுத்தார். துளையில் நின்ற ஈயத்தைத் தையல் ஊசியால் விலக்கினார். எதிர்முனையைக் காட்டும் கோட்டைப் பலகையில் அச்சிட்ட குறியோடு ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிட்ட பின்னரே புதியதைச் செருகினார். உப்பியவற்றை மட்டுமின்றி, அவ்வரிசையில் நன்றாகத் தோன்றியவற்றையும், ஒரே ரகத்தைச் சேர்ந்தவை என்பதற்காக மாற்றினார்.

யந்திரம் அன்று மாலை முதல் தடவையிலேயே ஏறியது. மறுநாள் விடியற்காலையில், குளிர் மிகுந்த நேரத்தில், அக்கா மறுபடியும் போட்டுப் பார்த்தார், ஏறியது. அதன்பின் பல வருஷம் அது உழைத்தது. பாடல்கள் அனைத்தையும் பின்னர் யூனிகோடுக்கு மாற்றினோம். மெக்கானிக் கூலியாக வாங்கிக்கொண்டது, ஒரு தொலைக்காட்சிக்கு வாங்குவதைவிட அதிகமில்லை.

இதைப் படிக்கும் அன்பர்களில் பலருடைய வீட்டுப் பரணிலும், எப்போதோ மறுபடி மறுபடி தொடங்கி, ஏறாமற்போய், துணி போர்த்தி வைக்கப்பட்ட பழைய கணினி ஒன்று இருக்கக்கூடும். யந்திரம் கெட்டதனால் உள்ளிருப்பதும் கெட்டுவிட்டது என்று எண்ணி, அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கை யூ.எஸ்.பி. வழியாக இன்றைய கணினியோடு இணைக்கும் அடாப்டர் இப்போதும் கடைகளில் கிடைக்கிறது. டிஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களை யூனிகோடாக மாற்றும் நிரல்களும் இருக்கின்றன. டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.